பாலாடையும் பால் புட்டியும்

பாலாடை என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் இரண்டு பொருள். காய்ச்சிய பால் ஆறும்போது மேலே படியும் ஏடு ஒன்று. கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு வைத்த சின்னக் கிண்ணம் இன்னொன்று. வசதியான வீட்டில் அது வெள்ளியில் இருக்கும், மற்ற வீடுகளில் வெண்கலம், பிற்பாடு எவர்சில்வர். அதுவும் இல்லாத வீட்டில் சங்கு. கே.ஜி.கண்டிகையைச் சுற்றித் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. அவர்கள் வீட்டில் இதே கிண்ணத்துக்கு ‘உக்குகின்னெ’ என்று பெயர். ஒருவன் சின்ன வயதிலேயே ஒரு வித்தையைப் பழகிக்கொண்டான் என்றால், ‘உக்குப் பாலோடு வந்தது’ என்பார்கள். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி தாலுகா ஆந்திராவிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது எனக்கு எட்டு வயது. எல்லைக்கோடு இந்தப் பக்கம் வந்தது, அந்தப் பக்கம் போனது. கிண்ணம் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தது.

அந்தக் கிண்ணத்தை அடுக்களையிலிருந்து வெளியே அனுப்பியது பால் பவுடர் டின்னும் கண்ணாடிப் புட்டியும்தான். சுகாதார ஆய்வாளராக முப்பத்தைந்து வருஷம் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் சைக்கிள் மிதித்தவன் நான். கிணற்றுக்கு ப்ளீச்சிங் பவுடர் போடுவதும், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று சேதி வந்தால் ஓடுவதும் என் வேலை. அதனால் புட்டிப்பாலின் கதையை நான் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்று சொல்லலாம்.

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. பிறந்த குழந்தைக்குச் சீம்பாலைக் கொடுக்காமல் பீய்ச்சிக் கொட்டினார்கள். சேனை வைக்கிறோம் என்று தேனையும் சர்க்கரைத் தண்ணீரையும் நாக்கில் தடவினார்கள். ஒரு வயதுக்குள் தேனே கூடாது என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. அதிலிருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து, பிஞ்சுக் குடலில் முளைத்து விஷமாகும். கழுதைப்பால் விற்றுக்கொண்டு தெருவில் வந்தார்கள், அதையும் சங்கில் வாங்கிப் புகட்டினார்கள். மூக்கைப் பிடித்து வாயைத் திறக்க வைத்து ஊற்றும் பாட்டிமார்களை நானே பார்த்திருக்கிறேன். புரையேறாமல் பிழைத்த குழந்தை அதிர்ஷ்டசாலி.

ஆனால் அந்தப் பாட்டிகளுக்கு ஒரு கணக்கு சரியாகத் தெரிந்திருந்தது. தாய்க்குப் பால் இல்லையென்றால் பசும்பாலையோ எருமைப்பாலையோ அப்படியே கொடுக்கமாட்டார்கள். தண்ணீர் விட்டுக் காய்ச்சி, கொஞ்சம் சர்க்கரை சேர்த்துத்தான் கொடுப்பார்கள். பசும்பாலில் புரதம் தாய்ப்பாலில் இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. எருமைப்பாலில் கொழுப்பும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கன்றுக்கு ஆனது குழந்தைக்குக் கனம். புத்தகம் படிக்காமலே இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். பின்னால் இந்தப் பழக்கமே வினையாக வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

டின் பாலின் பிறப்பிடம் ஐரோப்பா. ஜெர்மனியில் லீபிக் என்ற வேதியியல் மேதை 1860-களில் தாய்ப்பாலுக்கு மாற்றாக ஒரு கலவையைச் செய்தார். 1867-ல் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே பால், மாவு, சர்க்கரை கலந்த தன் குழந்தை உணவை விற்கத் தொடங்கினார். நியூசிலாந்தில் ஜோசப் நாதன் குடும்பத்தார் உலர்த்திய பால் தயாரித்து, 1906-ல் ‘கிளாக்ஸோ’ என்ற பெயரைப் பதிவு செய்தார்கள். இன்று மருந்துக் கம்பெனியாக உலகம் அறிந்த அந்தப் பெயர் முதலில் ஒரு பால் டின்னின் பெயர்.

நம் ஊருக்கு வந்த முதல் டின்களில் கிளாக்ஸோ ஒன்று. டின்னிலும் விளம்பரத்திலும் கன்னம் உப்பிய வெள்ளைக்காரக் குழந்தை. கொழுகொழுவென்று ஒரு பிள்ளை இருந்தால் ‘கிளாக்ஸோ பேபி’ என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். பிறகு அமுல் வந்தது. 1955-ல் ஆனந்தில் திறந்த தொழிற்சாலையில் தலாயா என்ற பொறியாளர் எருமைப்பாலைப் பவுடராக்கிக் காட்டினார். எருமைப்பாலில் அது முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சாதித்துக்கொண்டிருந்த காலம். அந்தப் பவுடரைக் குழந்தைக்கு ஏற்றபடி கொழுப்பைக் குறைத்துச் சீர்செய்யும் முறையை மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது. இறக்குமதி டின்னை நம்பியிருந்த நாட்டுக்கு அது பெரிய விஷயம். கொஞ்ச காலத்தில் ‘கிளாக்ஸோ பேபி’ போய் ‘அமுல் பேபி’ வந்துவிட்டது. இன்றும் வளர்ந்த பையனைக் கிண்டல் செய்ய அந்தச் சொல்தான்.

காலி டின்னுக்கு இருந்த மரியாதையை உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். காப்பித்தூள், கடுகு, தீப்பெட்டி, சில்லறைக் காசு எல்லாம் அதில்தான். பக்கத்து வீட்டுக்கு அரிசி கடன் கொடுத்தால் ‘ரெண்டு லாக்டோஜன் டப்பா’ என்று கணக்கு. அலமாரியில் நாலு பால் டின் வரிசையாக இருந்தால், அந்த வீட்டுப் பிள்ளை டின் பால் குடித்து வளர்ந்தது என்று வருகிறவர்களுக்குத் தெரியும். அதில் ஒரு பெருமை.

புட்டியின் கதை இன்னும் மோசம். விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் கண்ணாடிப் புட்டியிலிருந்து நீளமான ரப்பர்க் குழாய் ஒன்று வரும். அதன் நுனியில் காம்பு. குழந்தையைப் படுக்கவைத்து வாயில் கொடுத்துவிட்டால் அது தானாகக் குடித்துக்கொள்ளும், தாய் வேலையைப் பார்க்கலாம். வசதிதான். குழாயின் உட்புறத்தை மட்டும் யாராலும் கழுவ முடியாது. அதில் தங்கிய பாலில் கிருமி பெருகி எத்தனையோ குழந்தைகள் செத்தன. அதற்குக் ‘கொலைகாரப் புட்டி’ என்றே பெயர் விழுந்தது. அதற்கு மாற்றாக வந்ததுதான் படகு வடிவப் புட்டி. இரண்டு முனையிலும் திறப்பு, ஒன்றில் காம்பு, மற்றதில் ரப்பர் மூடி. இரண்டையும் கழற்றிவிட்டால் தண்ணீர் ஒரு பக்கம் புகுந்து மறு பக்கம் ஓடும், மூலை முடுக்கு கிடையாது. என்னைக் கேட்டால் அதைவிட நல்ல புட்டியை இதுவரை யாரும் செய்யவில்லை. அறுபது எழுபதுகளில் நம் வீடுகளிலும் அதுதான் இருந்தது. பிறகு நிமிர்ந்து நிற்கும் பிளாஸ்டிக் புட்டி வந்தது. கீழே விழுந்தால் உடையாது, அவ்வளவுதான் அதன் சிறப்பு. கழுத்து குறுகல், உள்ளே பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். பிரஷ் எத்தனை வீட்டில் இருந்தது?

நான் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். தறி நெய்யும் குடும்பம் ஒன்றில் பிரசவத்தில் தாய் இறந்துபோனாள். குழந்தையை அப்பாயி வளர்த்தாள், தெலுங்கு வழக்கப்படி எல்லோருக்கும் அவள் ‘அவ்வா’. வயிற்றுப்போக்கு என்று சேதி வந்து செவிலியர் அம்மாவும் நானும் போனபோது, மூன்று மாதக் குழந்தைக்குக் கிழவி முகம். தொடையில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. பக்கத்தில் டின் இருந்தது, புட்டியும் இருந்தது, புட்டியில் பாலும் இருந்தது. அந்தப் பாலைத் தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் விரல் தெரிந்தது.

டின் வாங்கி எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டேன். போன சந்தைக்கு முந்தின சந்தை என்றாள். அதற்குள் பாதிக்கு மேல் பவுடர் மிச்சம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அரைக் கிலோ டின்னில் ஏறக்குறைய 110 கரண்டி பவுடர் வரும். 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி என்பது பொதுவான அளவு. ஆக ஒரு டின்னில் மூன்றேகால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல் பால் கிடைக்கும். அந்த வயதுக் குழந்தை ஒரு நாளைக்கு முக்கால் லிட்டராவது குடிக்க வேண்டும். டின் நாலரை நாளில் தீர்ந்துவிட வேண்டும். தறிக்கூலியில் மாதம் ஏழு டின் யார் வாங்குவது?

காசு மட்டும் காரணமில்லை. “கெட்டியா கலந்தா பிள்ளை வயித்துக்கு ஆவாது நைனா, பாலுன்னா தண்ணி ஊத்தித்தானே குடுக்கணும்” என்றாள் அவ்வா. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எருமைப்பாலுக்கு அவள் பாட்டி சொல்லிக் கொடுத்த கணக்கு அது, எருமைப்பாலுக்குச் சரியான கணக்கு. டின்னில் இருப்பதை ஏற்கெனவே குழந்தைக்கு ஏற்றபடி குறைத்துத்தான் அடைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு யார் சொல்வது? டின் மேல் இங்கிலீஷிலும் இந்தியிலும் எழுதியிருந்தது. அவளுக்குத் தமிழும் தெலுங்கும் பேசத்தான் தெரியும், படிக்க எதுவும் தெரியாது.

தண்ணீர் கிணற்றுத் தண்ணீர். குளோரின் கலந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் ப்ளீச்சிங் பவுடர் என்பது எங்கள் பாடம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் ஹாராக்ஸ் டெஸ்ட் வைத்து அளவைக் கூட்டுவோம். ஆனால் கிணற்றில் நான் போடும் மருந்து, வீட்டில் மூடாத குடத்துக்கும், கைவிட்டு மொள்ளும் சொம்புக்கும், வெறும் தண்ணீரில் அலசிய காம்புக்கும் வந்து காவல் காக்காது. நீர்த்துப்போன பால் குழந்தையைப் பட்டினி போட்டது. அழுக்குப் புட்டி வயிற்றைக் கெடுத்தது. வயிறு கெட்டதால் இன்னும் தண்ணீர் சேர்த்தாள். இப்படி ஒரு வட்டம்.

செவிலியர் அம்மா செய்த முதல் காரியம், புட்டியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டதுதான். உப்பு சர்க்கரைக் கரைசலைக் கரண்டியால் கொடுத்துக்கொண்டே குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். திரும்பி வந்ததும், “வீட்டுல உக்குகின்னெ இருக்குதா அவ்வா?” என்று கேட்டார். பரணில் இருந்தது. புளி போட்டுத் தேய்த்து, கொதிநீரில் போட்டு எடுத்து, அதில் புகட்டச் சொன்னார். கரண்டியைத் தலை தட்டி அளக்கும் விதத்தை அவள் கையைப் பிடித்து நாலு தடவை செய்து காட்டினார். டின் செலவுக்கு ஊரில் சிலர் கைகொடுத்தார்கள். அந்தக் குழந்தை பிழைத்தது. அதே மாதிரிப் பிழைக்காத குழந்தைகளை அந்த வருஷங்களில் விரல்விட்டு எண்ணி முடிக்க முடியாது. 1971-ல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 ஒரு வயது முடியுமுன் இறந்தன என்கிறது அரசின் கணக்கு. 2020-ல் அது 13. இறங்கியதற்குக் காரணங்கள் பல: தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், குடிநீர், பெண்களின் படிப்பு. புட்டியை அடக்கியதும் அதில் சேரும்.

புட்டியை அடக்க வேண்டும் என்ற குரல் முதலில் பலமாகக் கேட்டது, நம்மவர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில். சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை மருத்துவர் அங்கே பணியாற்றினார். சர்க்கரை சேர்த்த கெட்டிப்பாலைக் குழந்தைகளுக்கு நல்லது என்று சொல்லி விற்பதையும், அதைக் குடித்த குழந்தைகள் சாவதையும் கண்ணால் பார்த்தவர். 1939-ல் அங்குள்ள ரோட்டரி சங்கத்தில் பேசக் கூப்பிட்டார்கள். ‘பாலும் கொலையும்’ என்று தலைப்பு வைத்துக்கொண்டு போனார். தெரிந்தே இப்படி விளம்பரம் செய்து வரும் சாவைக் கொலை என்றுதான் கொள்ள வேண்டும் என்று பெரிய மனிதர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். கொஞ்ச காலத்தில் ஜப்பான்காரன் வந்து அவரைச் சாங்கி சிறையில் அடைத்தான். போர் முடிந்து பிழைத்து வந்து, உலக சுகாதார நிறுவனத்தில் தாய் சேய் நலப் பிரிவின் முதல் தலைவரானார்.

அவர் பேச்சு காதில் ஏற நாற்பது வருஷம் பிடித்தது. 1974-ல் இங்கிலாந்தில் ‘குழந்தைக் கொலையாளி’ என்ற பெயரில் ஒரு சிறு நூல் வந்தது. 1977-ல் அமெரிக்காவில் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. 1981 மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பால் மாற்றுகளின் விற்பனைக்கு நெறிமுறை கொண்டுவந்தது. ஆதரவு 118 ஓட்டு, எதிர்ப்பு ஒன்றே ஒன்று, அமெரிக்கா. அந்தப் பேரவையில் நம் பிரதமர் இந்திரா காந்தி நேரில் போய் உரையாற்றினார். 1983-ல் நமக்கென்று ஒரு நெறிமுறை வந்தது, 1992-ல் சட்டமே வந்தது.

அந்தச் சட்டத்தின் அருமை அதற்கு முன்னால் இருந்ததைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கம்பெனி ஆட்கள் காலண்டரும் பேனாவும் இலவச டின்னும் கொண்டுவந்து மருத்துவமனை மேஜைகளில் வைத்துவிட்டுப் போவார்கள். பிரசவம் ஆன மூன்றாம் நாள் இலவச டின் கைக்கு வரும். அது தீர்வதற்குள் தாய்க்குப் பால் வற்றிவிடும், அடுத்த டின் காசு கொடுத்து. 1993 ஆகஸ்ட் 1 முதல் விளம்பரம் கூடாது, இலவசம் கூடாது. டின்னின் மேல் குழந்தை படமோ தாய் படமோ கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்று பெரிய எழுத்தில் போட வேண்டும். கொழுகொழு பேபி டின்னிலிருந்து காணாமல் போனது இப்படித்தான். பேரப்பிள்ளைக்கு இன்று டின் வாங்கும்போது அதில் கரடிப் பொம்மையோ பறவைக்கூடோ இருப்பதற்குக் காரணம் இந்தச் சட்டம். 2003-ல் இதை இன்னும் இறுக்கினார்கள்.

பாலாடைக்கும் ஒரு மறுவாழ்வு கிடைத்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மார்பில் உறிஞ்சத் தெம்பு இருக்காது. புட்டியில் பழக்கினால் பிறகு மார்பைப் பிடிக்கத் தடுமாறும். நம் நாட்டு மருத்துவர்கள் கிண்ணம், புட்டி, பாலாடை மூன்றையும் வைத்து ஆராய்ந்து 1999-ல் வெளியிட்டார்கள். பாலாடையில் குழந்தைகள் குறைந்த நேரத்தில் அதிகப் பால் குடித்தன, அழாமல் குடித்தன என்பது முடிவு. இன்று பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில்தான் புகட்டுகிறார்கள். ஆங்கில மருத்துவ நூல்களில் ‘பாலாடை’ என்றே எழுதுகிறார்கள், வேறு சொல் தேடவில்லை. கழுவவும் எளிது. மூக்கைப் பிடித்து ஊற்றாமல், குழந்தையைச் சற்று நிமிர்த்தி வைத்துக்கொண்டு அது விழுங்க விழுங்கக் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு டின் பால் கொடுக்கும் தாயை யாரும் குற்றவாளி ஆக்க வேண்டாம். தாயில்லாப் பிள்ளை உண்டு, நோயுற்ற தாய் உண்டு, பால் போதாத நிலையும் உண்டு. அவர்களுக்கு இந்தப் பவுடர் உயிர்காக்கும் பொருள். அதைச் சரியாகக் கலக்க வேண்டும். இதில் எங்கள் காலத்தில் எங்களுக்கே சொல்லித் தராத ஒன்று உண்டு.

டின்னைத் திறந்தவுடன் அந்தப் பவுடர் கிருமியே இல்லாத சுத்தம் என்று நினைத்திருந்தோம். அப்படி இல்லை. 2001-ல் அமெரிக்காவில் டென்னசி மாநில மருத்துவமனை ஒன்றில் ஒரு பச்சிளங்குழந்தை மூளைக்காய்ச்சலில் இறந்தது. தேடிப் பார்த்ததில் கிருமி பால் பவுடருக்குள்ளேயே இருந்தது. குரோனோபாக்டர் என்று இப்போது அதற்குப் பெயர். அபூர்வம்தான், வந்தால் பிழைப்பது கடினம். எந்தத் தொழிற்சாலையிலும் பவுடரை முழுக்கக் கிருமியற்றதாகச் செய்ய முடியவில்லை. அதனால் 2007-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டி வெளியிட்டது: கலக்கும் தண்ணீரின் சூடு 70 டிகிரிக்குக் குறையக்கூடாது. தண்ணீரைக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்து, வெதுவெதுப்பாகக் கலப்பதுதானே நம் வழக்கம்? அதில் தண்ணீரின் கிருமி செத்திருக்கும், பவுடரின் கிருமி சுகமாக நீந்தும்.

ஆகவே தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு அரைமணி நேரத்துக்கு மேல் ஆறவிடாதீர்கள். கழுவி, தண்ணீரில் முழுக்க அமிழ்த்திக் கொதிக்கவைத்து எடுத்த புட்டியில் முதலில் தண்ணீர், பிறகு தலைதட்டிய கரண்டியால் டின்னில் சொன்ன அளவு பவுடர். மூடிக் குலுக்கியதும் புட்டியைக் காம்புக்குக் கீழே வரை குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தினால் சீக்கிரம் ஆறும். மணிக்கட்டின் உள்பக்கம் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். மருத்துவர் உங்கள் குழந்தைக்கென்று வேறு முறை சொல்லியிருந்தால் அதைக் கேளுங்கள்.

ராத்திரியில் எழுந்து இவ்வளவும் யார் செய்வது என்று இளசுகள் கேட்பது நியாயம். பாலை முன்கூட்டிக் கலந்து வைப்பதுதான் தவறு, தண்ணீரையும் பவுடரையும் தனித்தனியே தயாராக வைப்பதில் தவறில்லை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் எங்களுக்கு ட்யூட்டி போடுவார்கள். குழந்தைக்கு முடியிறக்க ஆந்திராவிலிருந்தும் இங்கிருந்தும் கூட்டம் வரும். காலையில் ஊரில் கலந்த பாலைப் பையில் வைத்து, வெயிலில் வரிசையில் நின்று, மத்தியானம் மலைமேல் அதையே குழந்தை வாயில் வைப்பார்கள். சாயங்காலம் எங்கள் கூடாரத்துக்கு வருவார்கள். அவர்களுக்கு நான் சொன்னது: நல்ல பிளாஸ்க்கில் கொதிநீர், சுத்தமான உலர்ந்த டப்பாவில் ஒரு வேளைக்கான பவுடர், காலிப் புட்டி. பசித்தபோது கலக்கிக்கொள்ளலாம். வீட்டிலும் ராத்திரிக்கு இதுவே போதும். அதற்கென்று ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் மெஷின் தேவையில்லை.

கலந்த பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால், குழந்தை வாய் வைத்து மீந்தாலும் சரி, கொட்டிவிட வேண்டும். அங்கேதான் நம் வீட்டுப் பாட்டிமார்களுக்குக் கை வராது. டின் விலை தெரிந்தவர்கள். போன வருஷம் எங்கள் வீட்டுக்கு ஒரு கைக்குழந்தை வந்திருந்தபோது என் மனைவி மீந்த பாலைக் கொட்ட மனமில்லாமல் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். செடி நன்றாகத்தான் இருக்கிறது.